வகுப்புக்கே பிடித்தவரும் யாருக்கும் பிடிக்காதவரும்

பள்ளிக்கூடத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள் பிற்காலத்தில் சரிந்துபோவார்கள், மூலையில் கிடந்தவர்கள் மேலே வந்துவிடுவார்கள் என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வகுப்பில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்று எல்லாருக்கும் பிடித்தவரை இன்றும் எல்லாருக்கும் பிடிக்கிறது. அன்று ஒருவருக்கும் பிடிக்காதவரை இன்றும் ஒருவருக்கும் பிடிப்பதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், முதலாமவரை நான் கல்யாணம் செய்துகொண்டேன். இரண்டாமவர் எங்கள் எதிர் வீட்டில் குடியிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் பள்ளியில் எதிலும் முதல் ஆள் இல்லை. படிப்பு சுமார். கபடியில் ஓரத்தில் நிற்பார். ஆனால் அவர் வராத நாளில் வகுப்பு வகுப்பாகவே இருக்காது. வாத்தியார்கள்கூட உள்ளே வந்ததும் "எங்க அவன்?" என்றுதான் கேட்பார்கள். அவருடைய சைக்கிள் அவரிடம் இருந்த நேரத்தைவிட மற்றவர்களிடம் இருந்த நேரம் அதிகம். மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அதில் சோறு இருக்காது, யாராவது சாப்பிட்டிருப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இன்னொருவன் பாக்ஸில் கை வைப்பார். பெண்கள் பக்கம் அவரைப் பற்றி எவ்வளவு பேச்சு நடந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நானும் பேசியிருக்கிறேன்.

எதிர்வீட்டுக்காரர் வகுப்புத் தலைவர். வாத்தியார் வெளியே போனால் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். மற்ற வகுப்புகளில் தலைவர்கள் வேண்டாதவன் பெயரை எழுதுவார்கள், வேண்டியவன் பெயரை விட்டுவிடுவார்கள். இவர் எல்லார் பெயரையும் எழுதுவார். "டேய் பேசாதடா" என்று இவர் சொல்ல நேர்ந்தால், அதுவும் பேச்சுதான் என்று கடைசியில் தன் பெயரையும் எழுதிக்கொள்வார். வாத்தியார் வந்து எல்லாரையும் அடிக்கும்போது இவரும் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். அப்படிப்பட்டவரை எவனுக்குப் பிடிக்கும்?

படிப்பு முடிந்து சில வருஷம் கழித்து, தூரத்துச் சொந்தம் ஒருவர் மூலமாக என் வீட்டுக்காரருடைய ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் ஊர் போலகத்தில் அப்பா நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா வரப்பிலிருந்தே கத்திச் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்று எரிச்சலாக வருகிறது. வகுப்பே விரும்பிய பையன் எனக்குக் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். எனக்கு வந்தபிறகும் வகுப்பு அவரை விடப்போவதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

அவருக்குக் காரைக்காலில் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை. சாயங்காலம் ஆபீஸை விட்டால் பத்து நிமிஷத்தில் வீடு. ஒருநாளும் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து வந்ததில்லை. வழியில் டீக்கடையில் ஒருவர், மருந்துக்கடையில் ஒருவர், அரசலாற்றுப் பாலத்தில் வண்டி பஞ்சரான ஒருவர். தயிர் வாங்கப் போனவர் யாரோ ஒருவருடைய மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வருவார். "தயிர் எங்க?" என்றால் நிஜமாகவே திகைத்து நிற்பார். அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் கத்த முடியும்? வீட்டுக்குள் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவேன், ஒரே வகுப்புதானே. ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் வீட்டுக்குள்ளேயும் 'ங்க' போட்டுப் பேசுவேன். அப்போதுதான் அவருக்கு லேசாக பயம் வரும்.

எதிர்வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஸ்டோர்ஸில் இருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா வீட்டைக் கட்டியிருக்கும் மட்டம் சரியில்லை, மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும் என்று சொல்லிவிட்டு வந்தார் என்பார்கள். நம்பக்கூடிய செய்திதான். தெருவில் குப்பை வண்டி வரவில்லை என்றாலும் விளக்கு எரியவில்லை என்றாலும் அவர்தான் நாலு முறை எழுதிப் போட்டு ஆட்களை வரவழைப்பார். விளக்கு எரிந்ததும் தெருவே என் வீட்டுக்காரரிடம் வந்து, "நீங்க சொன்னதாலதான் வந்தாங்க" என்று நன்றி சொல்லும். இவரும் "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பார். பொய் சொல்வதாக நினைத்துச் சொல்வதில்லை. விளக்கு எரியாமல் இருந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது.

போன வருஷம் என் மகள் பிளஸ் டூ முடித்தாள். கல்லூரி இடத்துக்காகச் சான்றிதழ் சரிபார்க்கப் புதுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. எங்களுக்கு எது என்றாலும் புதுச்சேரிதான். அரசாங்கம் ஒரு ஊரில், நாங்கள் ஒரு ஊரில், நடுவில் தமிழ்நாடு. மூன்றரை மணி நேரம், அதுவும் நாலு வழிச் சாலைக்காக வழியெல்லாம் தோண்டிப் போடாமல் இருந்தால். போகிற அன்றுதான் கடைசி நாள், காலை ஒன்பது மணிக்கே அங்கே இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு நண்பரிடம் கார் சொல்லி வைத்திருந்தார். நாலரைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

முதல்நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவருக்கு ஒரு போன் வந்தது. கருக்களாச்சேரியிலிருந்து, எங்களோடு படித்த ஒருவர், கடைசி பெஞ்ச், இப்போது சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஜி.எச்.சுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுறேன்" என்று கையைக் கழுவிவிட்டுப் போனார்.

நான்கு மணிக்கு நான் போன் போட்டேன்.

"எங்க இருக்க?"

"தஞ்சாவூர்ல."

"தஞ்சாவூர்லயா?"

"ஜி.எச்.ல முடியாது, தஞ்சாவூர் கொண்டுபோயிடுங்கன்னுட்டாங்க. அவன் அழுவுறான். ஆம்புலன்ஸ்ல தனியா எப்புடி அனுப்புறது? இப்பதான் உள்ள சேத்துருக்கு. பொழச்சுக்குவாருன்னு சொல்றாங்க."

"நல்லதுங்க" என்றேன். "ரொம்ப நல்லதுங்க. உங்க பொண்ண யாருங்க கூட்டிட்டுப் போறது?"

சொல்லி வைத்திருந்த கார் அவர் பேச்சுக்காக வருவதாக இருந்தது, அதை அவர் மறுபடி நினைவுபடுத்தவே இல்லை. இப்போது அந்த நண்பர் போனை எடுக்கவில்லை. இதில் எனக்கு ஆத்திரம் என்னவென்றால், கோபப்படக்கூட வழியில்லை. சாகக் கிடந்த ஒரு பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவரிடம் என்னவென்று சண்டை போடுவது? சீட்டு ஆடப் போயிருந்தால் என் பாட்டுக்குத் திட்டியிருப்பேன்.

நானும் மகளும் வாசலில் பையோடு நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அவர் கதவைத் திறந்து, "நாலரைக்குக் கிளம்பணும்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. மணி நாலு நாப்பது" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, தன் பழைய வெள்ளைக் காரைத் துணி விலக்கி எடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "செருப்புல மண்ணு இருக்கு, தட்டிட்டு ஏறுங்க" என்றார்.

வண்டியை எடுப்பதற்கு முன்னால் மகளுடைய சான்றிதழ்களைக் கேட்டார். கார் விளக்கில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "குடியிருப்புச் சான்றிதழ்ல ரெண்டு இனிஷியல் இருக்கு. மார்க் ஷீட்ல ஒண்ணுதான். இடிக்குமே. யாரு வாங்கினது?"

வேறு யார்? தாலுகா ஆபீஸில் என் வீட்டுக்காரருக்கு வேண்டியவர் ஒருவர், உட்கார்ந்த இடத்திலேயே முடித்துக் கொடுத்தார். அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் ஒரு வாரம் பெருமைப்பட்டோம். ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் மறுபடி இறங்கி உள்ளே போய், புதுச்சேரி ஆபீஸ் போட்டிருந்த அறிவிப்பை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். இனிஷியல் மாறியிருந்தால் சுய உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்று அதில் இருந்தது. அந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தார்.

எல்லையில் நண்டலாறு செக்போஸ்ட் தாண்டியதிலிருந்து அவருடைய பேச்சு ஆரம்பித்தது. முன்னால் போகும் லாரி ஏன் தப்பு, பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ் ஏன் தப்பு, என் மகள் காதில் மாட்டியிருந்த ஹெட்போன் ஏன் தப்பு. சீர்காழி வரைக்கும் நான் 'ஆமாம்' போட்டேன். அதற்குப் பிறகு தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். "தூக்கம் வரலன்னா கண்ண மூடாதீங்க, தலைவலி வரும்" என்றார். ஒரு மனிதர் விடியற்காலையில் எழுந்து என் பெண்ணுக்காக வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார், நான் அவரைச் சிதம்பரத்தில் இறக்கிவிட்டுப் போனால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மை.

ஒன்பதுக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் நடுவயதுக்காரர் ஒருவர், அலுத்துப்போன முகம். தாள்களைப் புரட்டி, அந்த இரண்டு இனிஷியலில் வந்து நின்றார்.

"இது சரியில்லம்மா. காரைக்கால் போயி மாத்தி வாங்கிட்டு வாங்க."

"இன்னைக்குத்தான் சார் கடைசி நாள்" என்றேன்.

எதிர்வீட்டுக்காரர் அறிவிப்பை நீட்டினார். "சுய உறுதிமொழி போதும்னு நீங்களே போட்டிருக்கீங்க. ஆறாவது வரி. படிச்சுப் பாருங்க."

"நீங்க யாரு? அப்பாவா?"

"இல்ல."

"அப்பறம் நீங்க ஏன் சார் பேசுறீங்க?"

"சரியானத சொல்றதுக்கு அப்பாவா இருக்கணுமா? உங்க ஆபீஸ் விதி உங்களுக்குத் தெரியலன்னா அது எங்க தப்பா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மேஜைக்காரர் முகம் இறுகிவிட்டது. தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். "ஓரமா நில்லுங்க. அடுத்தது யாரு?"

என் மகள் அழ ஆரம்பித்தாள். எதிர்வீட்டுக்காரர் அதே இடத்தில் தாளைப் பிடித்தபடி நின்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. சொன்ன விதத்தில் ஒரு எழுத்துக்கூடச் சரியில்லை. நான் வராந்தாவுக்கு வந்து என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போனை அந்த சார்கிட்ட குடு" என்றார்.

"அவரு வாங்க மாட்டாரு."

"நீ குடு."

கொடுத்தேன். "போன்ல எல்லாம் பேச முடியாதும்மா" என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் வாங்கிக் காதில் வைத்தார். முதலில் "ம்" என்றார். அப்புறம், "ஆமா, இருந்தேன். ரெண்டு வருஷம் காரைக்கால்லதான்." அப்புறம் நாற்காலியில் சாய்ந்தார். "ஐயோ, அந்தப் புரோட்டாக் கடையா? இன்னும் இருக்கா? அப்ப தினம் ராத்திரி அங்கதான் சார்!" அப்புறம் சிரித்தார். அலுத்துப்போன அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதற்கு முன் இவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. ஒரு சுய உறுதிமொழி எழுதிக் குடுங்க, போதும்."

எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "இதத்தான நான்..." என்று தொடங்கியவரை என் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். உறுதிமொழி எழுத வெள்ளைத்தாள், பேனா, ஸ்டேப்ளர் எல்லாம் அவர் பையில்தான் இருந்தன. எப்படி எழுத வேண்டும் என்று அவர்தான் சொன்னார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

திரும்பும்போது கடலூர் தாண்டும்வரை அவர் பேசவில்லை. லாரிகளைக்கூட விட்டுவிட்டார். அந்த மௌனம் எனக்கு அவருடைய பேச்சைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு அவராகவே கேட்டார்.

"நான் சொன்னதும் கடைசியில அந்த ஆபீசர் சொன்னதும் ஒண்ணுதான?"

"ஒண்ணுதாங்க" என்றேன்.

"உங்க வீட்டுக்காரர் வாயத் தொறந்தா ஜனங்க கதவத் தொறக்குறாங்க. நான் தொறந்தா மூடுறாங்க. பள்ளிக்கூடத்துலேருந்து பாக்குறேன். எங்க வித்தியாசம்னு எனக்கு நெஜமாவே தெரியல. தெரிஞ்சா மாத்திக்கிட்டிருப்பேன்."

என் மகள் பின்சீட்டிலிருந்து எட்டி, "அங்கிள், நீங்க மொதல்ல கொஞ்சம் சிரிச்சிட்டுப் பேசணும்" என்றாள்.

"சிரிக்க அதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். கிண்டலில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

எனக்கு அவர்மேல் அப்போது வந்த பரிவு கொஞ்சநஞ்சமில்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள், "ஏசி போட்டிருக்கேன், ஜன்னல ஏன் எறக்கி வச்சிருக்கீங்க?" என்றார். ஏற்றிவிட்டேன். வார்த்தைகள் போய்விட்டன.

வீட்டுக்கு வந்தால் உள்ளே திருவிழாக் கூட்டம். தஞ்சாவூரிலிருந்து என் வீட்டுக்காரர் வந்துவிட்டிருந்தார். பெரியவர் கண் திறந்துவிட்டாராம். அந்தச் சந்தோஷத்தில் கருக்களாச்சேரியிலிருந்து படகுக்கார நண்பரின் தம்பியும் அவர் மனைவியும் ஒரு கூடை நிறைய மீன் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்து வீட்டார் இரண்டு பேர். என்னைக் கண்டதும் பக்கத்து வீட்டு அம்மாள், "போன்லேயே முடிச்சிட்டாராமே! இவரு மாதிரி யாருக்கு வரும்?" என்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்.

"முடிச்சாருங்க. போன்ல புரோட்டாவப் பத்திப் பேசி முடிச்சாரு. காலையில இருட்டுல எழுந்து வண்டி ஓட்டுனது யாரு? தப்ப மொதல்ல கண்டுபிடிச்சது யாரு? தாளு, பேனா கொண்டுவந்தது யாரு? அந்த மனுஷன் காலையிலேருந்து ஒரு இட்லிதான் சாப்ட்டிருக்காரு. அவரு அங்க எதிர் வீட்டுல தனியா கார தொடச்சிக்கிட்டிருக்காரு. யாராவது போயி ஒரு வார்த்த கேட்டீங்களா?"

என் வீட்டுக்காரர் முகம் விழுந்துவிட்டது. உடனே எழுந்து, செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டிப் போனார். எதிர்வீட்டுக்காரர் தோளில் கைபோட்டு, ஏதோ பேசி, அவர் வர மாட்டேன் என்று சொல்லச் சொல்ல, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். இதையும் சொல்ல வேண்டும்: எங்கள் வகுப்பிலேயே அந்த மனிதரை நிஜமாகப் பிடித்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். பரிதாபப்பட்டு இல்லை. அவருக்கு எல்லாரையும் பிடிக்கும், அவ்வளவுதான். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, மற்றவர்களுக்குக் கிடைக்கிற அதே அளவு பங்கு.

அந்த மீனைக் குழம்பு வைத்து, எல்லாரையும் உட்கார வைத்து இலை போட்டேன். எதிர்வீட்டுக்காரருக்குப் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே நன்றி அதுதான். அவர் ஒரு வாய் எடுத்தார். மென்றார்.

"மீனு ஐஸ்ல வச்சது" என்றார்.

கொண்டுவந்தவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பியின் கை பாதியில் நின்றது. "சார், விடியக்காலம் எறங்குன மீனு. எங்க கையால எடுத்தது."

"இருக்கலாம். எனக்கு அப்புடித் தெரியுது."

நான் கரண்டியை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இவருக்காக நான் ஒரு கூடத்தையே எதிர்த்துப் பேசியிருக்கிறேன். என் வீட்டுக்காரர், "எம் பொண்டாட்டி குழம்பு வச்சா மீனே வெறச்சுப் போயிடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், தம்பியும் சிரித்தார். சிரிப்பில் பாதி என் சமையலுக்குப் போனது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மகளுக்கு இடம் கிடைத்தது. அவளை விடுதியில் சேர்க்கும் நாளன்று என் வீட்டுக்காரர் சத்தியம் செய்து தானே கூட்டிப்போனார். திருக்கடையூரில் ஒரு நண்பர், சிதம்பரத்தில் ஒரு நண்பர், கடலூரில் ஒரு நண்பரின் மாமனார். எல்லார் வீட்டிலும் காப்பி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடுதி ஆபீஸைச் சாப்பாட்டுக்காகப் பூட்டிவிட்டார்கள். வெயிலில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருந்தோம். அவர் அதற்குள் வாட்ச்மேனுடைய சொந்த ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், இவர் "இரு, ஒரு போன் பேசிட்டு வந்துடுறேன்" என்கிறார். எதிர் வீட்டில் அவர் காரின் துணியை விலக்கிக்கொண்டே, காய்ச்சலுக்கு என்னென்ன கொடுக்கக் கூடாது என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தேன். நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத பஸ்ஸில் ஒருவரோடும் பேசாமல் புதுச்சேரி போய்ச் சேர்ந்தேன்.